உடுப்பும் ஊர்வலமும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையோர நகரங்களில் இயங்கிவந்த தன்பாலீர்ப்பாளர் சங்கங்கள் சில, 1969-ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் கூடின. அவ்வாண்டு ஜூன் மாதக் கடைசியில், நியூயார்க் நகரத்துக் கிறிஸ்டோபர் தெருவில் ஸ்டோன்வால் என்னும் மதுக்கடையைச் சோதனையிட வந்த போலீசாரை எதிர்த்து, அதுகாறும் ஓடி ஒளிவதையே வழக்கமாகக் கொண்டிருந்த ஜனங்கள் ஓடாமல் நின்று போராடிய சம்பவத்தின் ஞாபகார்த்தமாக, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஓர் ஊர்வலம் நடத்துவதென்று அங்கே தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானத்தில் ஒரு சிறு வாக்கியமும் சேர்ந்திருந்தது: ஊர்வலத்தில் கலந்துகொள்வோருக்கு உடையைப் பற்றியோ வயதைப் பற்றியோ எவ்வித விதியும் இராது என்பது. இன்று பல நாடுகளில் பெருமித ஊர்வலம் என்ற பெயரால் நடைபெறுகின்றவற்றுக்கெல்லாம் மூலபத்திரம் என்று சொல்லத்தக்க அந்தக் குறுந்தீர்மானத்தில், உடையைப் பற்றிப் பேசுவதற்கு என்ன அவசியம் நேர்ந்தது என்று கேட்கத் தோன்றும்.

அவசியம் இருந்தது. பிராங்க் காமெனி என்பவர் இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பியப் போர்முனையில் சிப்பாயாக நின்றவர். யுத்தம் முடிந்தபின் ஹார்வர்டில் வானசாஸ்திரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்று, இராணுவத்தின் நிலப்படத் துறையில் உத்தியோகத்தில் அமர்ந்தவர். தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்தால் 1957-இல் அந்த உத்தியோகம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1965-இல் வெள்ளை மாளிகையின் முன்னும், அதே ஆண்டு தொடங்கி ஒவ்வொரு ஜூலை 4-ஆம் தேதியும் பிலடெல்பியாவின் சுதந்திர மண்டபத்தின் முன்னும் அவரும் அவருடைய சகாக்களும் கோரிக்கை அட்டைகளை ஏந்தி வட்டமாக நடந்தார்கள். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் கவுனும் அணிந்தே வரவேண்டும் என்பது அவர் வகுத்த நியதி. அரசாங்கத்தில் வேலை கேட்கிறவன் வேலை கொடுக்கத் தகுந்தவனாகப் பார்வைக்கும் தோன்ற வேண்டும் என்பது அவருடைய வாதம். ஸ்டோன்வால் சம்பவம் நடந்து ஒரு வாரமே ஆகியிருந்த 1969 ஜூலை 4 அன்று, அந்த வட்டத்தில் நடந்துகொண்டிருந்த பெண்கள் இருவர் கைகோத்துக்கொண்டதைக் கண்டு, காமெனி விரைந்து சென்று அந்தக் கைகளைப் பிரித்துவிட்டார். உடன் வந்த இளைஞர்களின் மனம் கொதித்தது. அந்தக் கொதிப்பு ஆறுமுன்பே நவம்பர் மாதத் தீர்மானம் எழுந்தது. உடைக்கு விதியில்லை என்ற வாக்கியம் காமெனியின் கோட்டுக்கும் டைக்கும் அவர்கள் எழுதிய பதில்.

காமெனியைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மற்றவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்த காலத்தில், தம் சொந்தப் பெயரோடு உச்சநீதிமன்றம் வரை மனுச்செய்த மனிதர் அவர். ஆயினும் அவர் விதித்த கோட்டும் டையும் ஒருவகைச் சீருடையே என்பதையும், தம்மைத் தள்ளிவைத்த அரசாங்கத்தின் கண்ணுக்குக் கௌரவமாகத் தென்பட வேண்டும் என்ற ஏக்கம் அதில் இழையோடியிருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. இளைஞர்கள் அந்த ஏக்கத்தை உதறிவிட்டுத்தான் தெருவில் இறங்கினார்கள். அவ்வாறு, உடைக்கு விதியே இல்லை என்ற பிரதிக்ஞையோடு பிறந்த ஓர் ஊர்வலம், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நகரத்துக்கு நகரம் ஒரே ஓர் உடையின் பொருட்டு இரண்டுபட்டு நிற்கிறது. போலீஸ்காரர் தம் உடுப்போடு அதில் நடக்கலாமா, சிப்பாய் தம் உடுப்போடு நடக்கலாமா என்பதே கேள்வி. இரண்டையும் ஒரே கேள்வியாகப் பாவித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சிப்பாய். லெனார்டு மாட்லோவிச் என்பவர் அமெரிக்க விமானப்படை சார்ஜன்டின் மகனாக, விமானப்படைத் தளத்தின் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தவர். தாமும் அந்தப் படையிலேயே சார்ஜன்ட் ஆனவர். வியட்நாம் யுத்தத்துக்கு மூன்று முறை தாமே விரும்பிச் சென்று, கண்ணிவெடியில் காயமுற்று, பதக்கங்களோடு திரும்பினார். 1975 மார்ச்சில் தம் மேலதிகாரியிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். தாம் தன்பாலீர்ப்பாளர் என்றும், அதனால் தம் சேவைக்கு எந்தக் குறைவும் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. வாசித்த அதிகாரி கறுப்பினத்தவர். இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்க, பள்ளிக்கூடங்களில் கறுப்புக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-இல் வந்த தீர்ப்பின் பெயரைச் சொல்லி, அதுதான் அர்த்தம் என்றாராம் மாட்லோவிச். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்து ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் அவர் முழுச் சீருடையில், மார்பில் பதக்கப் பட்டைகளோடு, தாம் இன்னார் என்று சொல்லிக்கொண்டு நின்றார். அடுத்த மாதமே படையிலிருந்து விலக்கப்பட்டார்.

அந்த அட்டைப் படத்தில் அவர் சாதாரணச் சட்டையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். செய்தி அதுவேதான், ஆனால் படைத்துறை அதைச் சகித்துக்கொண்டிருக்கக் கூடும். இப்படிப்பட்டவர்கள் எங்கோ இருக்கிறார்கள், நம்மிடையே இல்லை என்று அது சொல்லிக்கொள்ள வழியிருந்திருக்கும். சீருடை அந்த வழியை அடைத்துவிட்டது. உம்முடைய பதக்கத்தை நீரே எனக்குக் குத்தினீர், அந்த மார்பும் இந்த மனமும் ஒருவனுடையவையே என்று அந்தத் துணி சொல்லிற்று. மாட்லோவிச் 1988-இல், நாற்பத்தைந்து வயது நிறையுமுன், எய்ட்ஸ் நோயால் காலமானார். வாஷிங்டனில் அவருடைய கல்லறையின் தலைக்கல்லில் பெயர் கிடையாது. வியட்நாமில் போரிட்ட ஒரு தன்பாலீர்ப்பாளன் என்று மாத்திரம் பொறித்திருக்கிறது. அதன் கீழ், இரண்டு மனிதர்களைக் கொன்றதற்குத் தமக்குப் பதக்கம் கொடுத்தார்கள், ஒரு மனிதனை நேசித்ததற்கு வெளியே அனுப்பினார்கள் என்ற கருத்தமைந்த வாசகம் அவர் தாமே எழுதிவைத்தது.

சீருடையைக் களைவது எப்படியிருக்கும் என்பதற்கு ஆங்கிலேயக் கடற்படையில் ஓர் உதாரணம் உண்டு. ஜோ ஔசலீஸ் என்பவர் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் கப்பல்களில் கம்பியில்லாத் தந்திப் பணி புரிந்தவர். 1982-இல் பாக்லாந்து யுத்தத்திலும் இருந்தவர். இருபாலரிடமும் நாட்டமுள்ளவர் என்பது வெளிப்பட்டு, 1993-இல் அவர் வெளியேற்றப்பட்டபோது, கையில் பெரிய கத்தரிக்கோலோடு ஒருவர் வந்து, மன்னிக்க வேண்டும், உமது பதக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லி, மார்பிலிருந்த நீண்டகால நன்னடத்தைப் பதக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டாராம். கத்தரித்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கத்தரித்தார் என்பதுதான் இந்தச் சம்பவத்தில் என்னை மிகவும் வருத்துவது. தனி மனிதனுக்கு அந்த அநியாயம் தெரிந்திருந்தது, ஸ்தாபனத்துக்குத் தெரியவில்லை. பிரிட்டனில் அந்தத் தடை 2000 ஜனவரியில் நீங்கிற்று. ஔசலீஸ் வழக்குத் தொடுத்த பிறகு, 2020 ஜனவரியில்தான் பதக்கம் அவர் கைக்குத் திரும்பிவந்தது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் சான் டியேகோவின் 2012-ஆம் ஆண்டு ஊர்வலம் விளங்கும். அது கடற்படையினரும் மரீன் படையினரும் திரளாக வாழும் துறைமுக நகரம். கேட்கவும் மாட்டோம், நீயும் சொல்லாதே என்ற வினோதமான உடன்பாட்டை 1993-இல் அமெரிக்கா சட்டமாக்கியிருந்தது; அந்தச் சட்டத்தால் 13,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். சட்டத்தை ரத்துசெய்யும் மசோதாவில் ஜனாதிபதி ஒபாமா 2010 டிசம்பரில் கையெழுத்திட்டாரெனினும், அது அமலுக்கு வர 2011 செப்டம்பர் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைக்காலத்தில், 2011 ஜூலையில், சான் டியேகோ ஊர்வலத்தில் ஏறக்குறைய இருநூறு படைவீரர்களும் முன்னாள் வீரர்களும் நடந்தார்கள். சீருடைக்கு அனுமதியில்லை. ஆகவே தரைப்படை, கடற்படை, மரீன் என்று தத்தம் படையின் பெயர் அச்சிட்ட சாதாரணப் பனியன்களை அணிந்துகொண்டார்கள். சட்டம் இன்னும் உயிரோடிருக்க, மார்பில் படையின் பெயரை எழுதிக்கொண்டு பகிரங்கமாக நடப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

மறு ஆண்டு ஊர்வலத்துக்கு இரண்டே நாள் இருக்கையில் பாதுகாப்புத் துறை அனுமதி கொடுத்தது. அந்த ஓர் ஆண்டுக்கு மாத்திரம், அந்த ஓர் ஊருக்கு மாத்திரம் என்று நிபந்தனையோடு கொடுத்த விதிவிலக்கு அது. ஜூலை 21-ஆம் தேதி, வெள்ளைச் சீருடையில் மாலுமிகளும், பச்சையும் நீலமுமாக மற்றவர்களும், இரண்டு பக்கமும் கூடியிருந்த ஜனங்களுக்கு நடுவே அடியெடுத்து வைத்தார்கள். அரசியல் காரியங்களுக்குச் சீருடை அணியக் கூடாது என்ற படை விதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, நல்ல விதிதான். ஆனால் தாம் யார் என்பதை மறைத்து அந்த உடுப்பை அணிவதற்கே நிர்ப்பந்திக்கப்பட்ட மனிதர்கள், ஒரு நாளேனும் மறைக்காமல் அணிந்து நடப்பதை அரசியல் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அரசாங்கம் அவர்களுடைய அந்தரங்கத்தை அரசியலாக்கி வைத்திருந்தது. அவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

சிப்பாயின் உடுப்பும் நிர்த்தோஷமானது என்று நான் சொல்லவில்லை. அந்த வெள்ளைச் சீருடை எந்தத் தேசங்களின் கரையில் இறங்கிற்றோ, அந்தத் தேசத்துக்காரர் ஒருவர் நடைபாதையில் நின்று பார்த்தால் அவருக்குக் கைதட்டத் தோன்றுமா என்பது சந்தேகமே. யுத்தத்தையே வெறுக்கிற பலர், இராணுவத்தில் சேரும் உரிமைக்காகவா இவ்வளவு பாடு என்று ஆதிமுதலே கேட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மாட்லோவிச்சின் கல்லறை வாசகமே பாதி இடம் கொடுத்துவிடுகிறது. ஆயினும் ஊர்வலம் நடக்கும் அந்தத் தெருவில், அந்த ஜனங்களின்மீது, சிப்பாய்க்கு எந்த அதிகாரமும் இல்லை. அவன் அவர்களைக் கைதுசெய்ய முடியாது; அவர்களுடைய கதவைத் தட்டி உள்ளே வந்தவனும் அவனல்ல. அவன் தன் ஸ்தாபனத்தை நோக்கி ஒரு மனுவாகவே நடக்கிறான்.

போலீஸ்காரரின் காரியம் வேறு. அவருடைய ஸ்தாபனத்துக்கும் நடைபாதையில் நிற்கிறவர்களுக்கும் பழைய கணக்கு இருக்கிறது. ஊர்வலமே அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

அந்த ஸ்தாபனத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, தாம் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லத் துணிந்தவர்கள் பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1981 நவம்பரில் நியூயார்க் நகரசபையில் தன்பாலீர்ப்பாளரின் உரிமை மசோதா ஒன்றின்மீது சாட்சியங்கள் கேட்கப்பட்டன. போலீஸ் சங்கத்தின் பிரதிநிதி எழுந்து, தம் படையில் அப்படிப்பட்டவர் ஒருவரையும் தாம் அறியார் என்று சொல்லி மசோதாவை எதிர்த்துவிட்டு அமர்ந்தார். அடுத்தபடி எழுந்தவர் சார்ல்ஸ் காக்ரேன் என்ற போலீஸ் சார்ஜன்ட். இந்த நகரத்தின் போலீஸ்காரன் என்பதில் தமக்குள்ள பெருமைக்குச் சற்றும் குறையாத பெருமை, தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதிலும் உண்டு என்று அவர் அச்சபையில் சொன்னார். மறு ஆண்டு, தம்மைப் போன்ற அதிகாரிகளுக்கென்று கோல் என்னும் சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கத்தார் ஊர்வலத்தில் நடக்கத் தொடங்கினாலும், உடுப்போடு நடக்கும் உரிமை லேசில் கிட்டவில்லை. மற்றச் சங்கங்களுக்கெல்லாம் கொடுத்த உரிமையைத் தங்களுக்கு மறுப்பதா என்று தங்கள் துறையின்மீதே வழக்காடி 1996-இல் அதைப் பெற்றார்கள். உடுப்போடு நடப்பது அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. சகாக்களின் பரிகாசத்தையும், ரோந்தில் உதவி கேட்டால் யாரும் வராமற்போகும் அபாயத்தையும் ஏற்றுக்கொண்டு எடுத்து வைத்த அடி. 2021-இல் அதே ஊர்வலத்தை நடத்தும் சபை அவர்களை வர வேண்டாமென்று சொன்னபோது, அவர்களுடைய மனத்தாங்கல் பொய்யானது என்று யாரும் சொல்ல முடியாது.

இருந்தாலும் சிட்னியை நினைக்கும்போது என் மனம் மறுபக்கம் சாய்கிறது. 1978 ஜூன் 24, அங்கே குளிர்காலத்து இரவு. டெய்லர் சதுக்கத்திலிருந்து ஆக்ஸ்போர்டு தெரு வழியாக, ஒலிபெருக்கி கட்டிய ஒரு லாரியின் பின்னே ஆடிப்பாடிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். அனுமதி பெற்ற ஊர்வலம்தான். ஹைடு பூங்காவை அடைந்ததும் போலீசார் லாரியைப் பறித்துக்கொண்டார்கள். கூட்டம் கிங்ஸ் கிராஸ் பக்கம் திரும்பிற்று. அங்கே தெருவின் இரு முனைகளையும் அடைத்துக்கொண்டு போலீசார் அடித்தார்கள். 53 பேர் கைதானார்கள். டார்லிங்ஹர்ஸ்ட் காவல் நிலையத்தின் அறைகளுக்குள்ளும் அடி தொடர்ந்தது. பிறகு நகரத்தின் பிரதான நாளிதழ், கைதானவர்களின் பெயர், விலாசம், தொழில் ஆகியவற்றை அச்சிட்டு வெளியிட்டது. பலர் வேலையை இழந்தார்கள், சிலர் வீட்டையும் இழந்தார்கள். போலீஸ் தடி உடம்பில் பட்டது ஓர் இரவு; அச்செழுத்து பட்டது ஆயுள் முழுதும். நாடாளுமன்றமும் நாளிதழும் மன்னிப்புக் கேட்க 2016 வரை ஆயிற்று.

அந்த நகரத்துப் போலீசார் 1998 முதல் ஊர்வலத்தில் நடந்துவந்தார்கள். 78-ஆம் ஆண்டுக்காரர்கள் என்று மரியாதையோடு அழைக்கப்படும் அந்த முதியவர்கள், தங்களை அடித்த உடுப்புக்கு முன்னே அதே தெருவில் நடந்தார்கள் என்றால், அந்த மன்னிப்பின் கனத்தை நாம் சற்று உணர வேண்டும். பிறகு 2024 பிப்ரவரியில் இளம் தம்பதியாகிய ஆண்கள் இருவர் கொலையுண்டனர். கைதானவர் பணியிலிருந்த ஒரு போலீஸ்காரர். போலீஸ் துறை கொடுத்த கைத்துப்பாக்கியே அதற்குப் பயன்பட்டது என்பது குற்றச்சாட்டு. அதே வாரத்தில், பழைய டார்லிங்ஹர்ஸ்ட் காவல் நிலையக் கட்டடத்தில் தன்பாலீர்ப்பாளரின் சரித்திரத்தைச் சொல்லும் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. இவ்வாண்டு நீங்கள் வர வேண்டாம் என்று ஊர்வலச் சபையார் போலீசாரிடம் சொன்னார்கள். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, வரலாம், உடுப்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. மார்ச் 2 அன்று அவ்விதமே நடந்தார்கள்.

இந்த முடிவு இருபுறத்தாருக்கும் பூரண திருப்தியளிக்கவில்லை என்பதை அறிவேன். ஆனால் அதைவிடச் சரியான முடிவு எனக்குத் தென்படவில்லை. மனிதரை நிராகரிக்காமல் அவருடைய அதிகாரச் சின்னத்தை மாத்திரம் ஒரு துக்க வாரத்தில் கழற்றி வைக்கச் சொல்வது அவமானம் அல்ல. துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறோம். யாரும் அதை இழிவாக எண்ணுவதில்லை.

கனடாவின் டொராண்டோ நகரத்துக் கதையில் நம்மவர் ரத்தமும் கலந்திருக்கிறது. அங்கே 1981 பிப்ரவரியில் போலீசார் ஒரே இரவில் குளியல் விடுதிகளைச் சோதனையிட்டு முந்நூறு பேரளவில் கைதுசெய்தார்கள்; அதற்கு வருத்தம் தெரிவிக்கப் போலீஸ் தலைவருக்கு 2016 ஜூன் வரை முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. வருத்தம் தெரிவித்த பத்தாம் நாளளவில், ஜூலை 3 அன்று, கறுப்பினத்தாரின் உயிருக்காகக் குரலெழுப்பும் இயக்கத்தார் ஊர்வலத்தின் நடுவே அமர்ந்து அரைமணி நேரம் அதை நிறுத்தினார்கள். போலீசாரின் ஊர்திகள் இங்கே வரலாகாது என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. ஊர்வலச் சபையின் உறுப்பினர்கள் மறு ஜனவரியில் அதை வாக்கெடுத்து ஏற்றார்கள். அவ்வாண்டு டொராண்டோ போலீஸ்காரர் பலர், கோல் சங்கத்தின் அழைப்பை ஏற்று, நியூயார்க் சென்று உடுப்போடு நடந்தார்கள்.

இதற்கிடையில் அந்த நகரத்தின் தன்பாலீர்ப்பாளர் பேட்டையில் ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போய்க்கொண்டிருந்தார்கள். 2010 முதல் 2017 வரை எட்டுப் பேர். அவர்களில் ஆறு பேர் ஆசிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். இருவர் ஈழத் தமிழர். முதலில் மறைந்தவரே தமிழர். அந்தப் பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர். மற்றவர் 2010-இல் ‘சன் சீ’ என்ற கப்பலில் வந்த அகதிகளில் ஒருவர், அடைக்கலம் மறுக்கப்பட்டவர். நாடுகடத்தலுக்கு அஞ்சி எங்கோ ஒளிந்திருக்கிறார் என்றே உறவினர் எண்ணியிருந்தபடியால், காணாமற்போனவர் பட்டியலில்கூட அவர் பெயர் ஏறவில்லை. பேட்டையில் ஒரு கொலைகாரன் உலவுகிறான் என்று ஜனங்கள் அஞ்சிச் சொன்னபோது, அதற்கு ஆதாரமில்லை என்று போலீஸ் தலைவர் 2017 டிசம்பரில் சொன்னார். மறு மாதமே கொலைகாரன் பிடிபட்டான். எட்டுக் கொலைகளையும் 2019 ஜனவரியில் அவன் ஒப்புக்கொண்டான். போலீசாரின் விசாரணையில் நேர்ந்த பிழைகளையும், அவற்றில் பாரபட்சத்துக்கு இருந்த பங்கையும் 2021-இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் அறிக்கை விரிவாக எடுத்துரைத்தது.

அந்தக் கப்பலில் வந்த மனிதரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஓர் அரசாங்கத்தின் உடுப்புக்கு அஞ்சித் தாய்நாட்டை விட்டவர்கள் அந்தக் கப்பலில் ஏராளம். மற்றோர் அரசாங்கத்தின் உடுப்புக்கு அஞ்சி ஒளிந்திருக்கிறார் என்று வீட்டாரே நம்பும்படி ஆயிற்று இவருடைய வாழ்வு. உதவி கேட்டு ஓடிச்செல்ல வேண்டிய உடுப்பைக் கண்டே ஓடி ஒளிகிற நிலையில் இருப்பவர்கள் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். ஊர்வலம் அவர்களுக்கும் உரியது. அவர்களை நடைபாதையின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு உடுப்பை நடுத்தெருவில் நடத்துவதானால், உடைக்கு விதியில்லை என்ற பழைய வாக்கியத்தின் எழுத்து காப்பாற்றப்படும், பொருள் போய்விடும். 2019 ஜனவரியில் போலீசாரை மீண்டும் சேர்த்துக்கொள்வதா என்று டொராண்டோ சபையார் வாக்கெடுத்தபோது, வேண்டாம் என்றவர்கள் இரண்டே வாக்குகளால் வென்றார்கள். அந்த இரண்டு வாக்கு வித்தியாசத்தில் எனக்கு ஒரு நேர்மை தெரிகிறது. ஒரு சமூகம் தன் மனத்தை உள்ளபடியே எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் வரும்.

அண்மையில், இதே உடுப்பை இதே ஊர்வலத்திலிருந்து அகற்ற வேறொரு திசையிலிருந்தும் கை நீண்டிருக்கிறது. இங்கிலாந்தின் நார்தம்பிரியா போலீசார் 2024-இல் நியூகாசில் பெருமித ஊர்வலத்தில் உடுப்போடு கலந்துகொண்டது பட்சபாதமின்மை என்ற கடமைக்கு விரோதம் என்று 2025 ஜூலையில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பால் அடையாளத்தைப் பற்றிய வாதங்களில் ஊர்வலத்தாரோடு மாறுபடுகிற ஒருவர் தொடுத்த வழக்கு அது. அடிபட்டவர்கள் வேண்டாமென்பதும், ஊர்வலத்தையே ஏற்காதவர்கள் வேண்டாமென்பதும் முடிவில் ஒன்றாகத் தோன்றினாலும், முன்னவர் போலீசாரிடம் கேட்பது இன்னும் வராத நீதியை, பின்னவர் கேட்பது தூரத்தை. உடுப்பு எல்லாப் பிரஜைகளுக்கும் பொது என்ற நீதிமன்றத்தின் கருத்தில் சத்தியம் உண்டு. ஆனால் எல்லாருக்கும் பொதுவான உடுப்பு, சிலர்மீது மாத்திரம் தடியாக இறங்கிய காலத்தில் அந்தப் பொதுத்தன்மையைப் பற்றி நீதிமன்றங்கள் கவலைப்பட்டதாகச் சரித்திரம் அதிகம் சொல்லவில்லை.

நியூயார்க்கில் இப்போது தகராறு இன்னும் நுண்ணிய இடத்துக்கு வந்து நிற்கிறது. 2025-இல் ஊர்வலச் சபையார் உடுப்போடு வரலாம், துப்பாக்கி வேண்டாம் என்றார்கள். உடுப்பு அணிந்தால் துப்பாக்கியும் அணிந்தாக வேண்டும் என்பது போலீஸ் துறையின் விதி. காக்ரேன் நிறுவிய சங்கத்தார் மறுபடியும் தெருவோரத்தில் நின்றார்கள்; இம்முறை நகரத்துப் போலீஸ் தலைவியே அவர்களோடு நின்று ஆட்சேபித்தார். துப்பாக்கியில்லாத உடுப்பு பாதுகாப்புக்கு உகந்ததல்ல என்று துறை சொல்வது முற்றிலும் பொருளற்றதன்று. உடுப்பைக் கண்டு ஆபத்திலிருப்பவர் ஓடிவரும்போது வெறுங்கையோடு நிற்க முடியுமா என்று அவர்கள் கேட்பார்கள். ஆனால் தம் சகாக்கள் ஒரு பிற்பகல் கௌரவமாக நடப்பதற்காக அந்த ஒரு விதியைச் சில மணி நேரம் தளர்த்தத் துறைக்கு மனமிருந்தால், 2012-இல் சான் டியேகோவுக்காகப் பாதுகாப்புத் துறை தளர்த்தியதைப் போலத் தளர்த்தியிருக்கலாம். கேட்ட ஜனங்கள் அரை தூரம் வந்துவிட்டார்கள். மீதி தூரத்தை நடக்க வேண்டியவர்கள் காக்ரேனின் சங்கத்தார் அல்லர், அவர்களுடைய மேலதிகாரிகள். தாங்கள் அனுமதிக்காத ஒன்றின் பழியை ஊர்வலத்தின்மேல் சுமத்துவது அந்த அதிகாரிகளுக்கு அழகல்ல.

சிப்பாயின் பக்கமோ காலம் பின்னோக்கிச் சுழல்கிறது. திருநங்கையரும் திருநம்பியரும் படையில் இருக்கலாகாதென்று 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஆணை பிறப்பித்தார். வழக்குகள் நடந்துகொண்டிருக்கும்போதே அதை அமல்படுத்தலாம் என்று மே மாதம் உச்சநீதிமன்றம் இடம் கொடுத்தது. போர் விமானம் ஓட்டியவர்களும், பத்து இருபது ஆண்டு சேவை செய்தவர்களும், குற்றமென்று ஒன்றும் இல்லாமலே, நீயாக விலகுகிறாயா, விலக்கட்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களானார்கள். கத்தரிக்கோல் மறுபடி வெளியே வந்திருக்கிறது. இந்த மனிதர்களில் யாரேனும், களையச் சொல்லப்பட்ட சீருடையை அணிந்துகொண்டு எந்த நகரத்தின் ஊர்வலத்துக்கு வந்தாலும், அவர்களை முன்வரிசையில் நிறுத்துவதற்கு எந்தச் சபையும் வாக்கெடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.